ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? முதல் போன் அழைப்பிலிருந்து கை கன்றல் ஆறும் வரை

ரத்த தானம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படுக்கவைத்து 350 மி.லி. எடுப்பார்கள், ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவார்கள். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுப்பது வேறு சங்கதி. எடுப்பது பெரும்பாலும் சில டியூப்தான். ஆனால் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், போன வாரம் சளி பிடித்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று சம்பந்தி வீட்டார் மாதிரி துருவித் துருவிக் கேட்பார்கள்.

நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி லேப்பில் சில வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். ரத்தம் எடுத்தும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்பதுதான். வலி ஓர் எறும்புக் கடி, அவ்வளவே. கவனம் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு: ஊசிக்கு முன்னால் கையெழுத்துப் போடும் தாள், அப்புறம் நீங்கள் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லாமல் விட்டுவிடும் அந்த ஒரு மாத்திரை.

எதற்காக உங்கள் ரத்தம்?

முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. கிருமியையோ காயத்தையோ சமாளிக்க வெள்ளையணுக்கள் ஓடிவந்து செய்யும் வேலை அது. வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்தால் முடக்குவாதம், சோரியாசிஸ், குடல் அழற்சி என்று வந்து நிற்கும். எது தூண்டுகிறது, எது அடக்குகிறது என்று பார்க்கத்தான் உயிருள்ள செல்கள் வேண்டும்.

எலியை வைத்துப் பார்க்கக் கூடாதா? பார்க்கிறார்கள். ஆனால் எலியின் ரத்தத்தில் வெள்ளையணுக்களில் பெரும்பகுதி லிம்போசைட்டுகள் என்ற வகை. நம் ரத்தத்தில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள் என்ற இன்னொரு வகை. படையின் அமைப்பே வேறாக இருக்கும்போது எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. முடக்குவாதத்துக்கு இன்று போடும் டிஎன்எஃப்-ஐ அடக்கும் ஊசி மருந்துகளின் கதையும் மனித செல்களில் தொடங்கியதுதான். 1980-களின் கடைசியில் லண்டனில், நோயாளிகளின் மூட்டுத் திசுவிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் டிஎன்எஃப் என்ற ஒற்றைப் புரதத்தை முடக்கியபோது மற்ற அழற்சிப் பொருட்களும் குறைந்தன. அந்த வழியில் வந்தவைதான் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் எல்லாம். கொரோனா நேரத்தில் மருந்துக் கடை மருந்துக் கடையாக மக்கள் தேடி அலைந்த டோசிலிசுமாப் நினைவிருக்கிறதா? அது இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதத்தின் வழியை அடைக்கும் மருந்து.

சரி, நோயாளியின் ரத்தம் வேண்டும். ஒரு குறையும் இல்லாத என் ரத்தம் எதற்கு? ஒப்பிட்டுப் பார்க்கத்தான். நோயில்லாதவரிடம் ஒரு புரதம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல், நோயாளியிடம் அது கூடியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதுவும் அதே வயது, அதே ஊர்க்காரராக இருந்தால் நல்லது. பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள் நாம். காசநோய்க் கிருமியோடும் குடற்புழுவோடும் பழகி வளர்ந்த உடம்பு. ஐரோப்பியரின் ரத்தத்தில் எடுத்த அளவுகோலை அப்படியே இங்கே பொருத்த முடியாது. சென்னை சேத்துப்பட்டில், 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கி இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடத்தில், காசநோயோடு சர்க்கரை நோயோ புழுத் தொற்றோ சேரும்போது நோய் எதிர்ப்பு செல்கள் எப்படி மாறுகின்றன என்பதில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

1. அழைப்பு வந்ததும்

மருத்துவக் கல்லூரி அறிவிப்புப் பலகை, முடக்குவாத ஓபி-யில் உங்கள் டாக்டர், வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் என்று எப்படியும் வரலாம். வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். ஆய்வை நடத்தும் முதன்மை ஆய்வாளர் யார்? எந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அதன் எண் என்ன? எத்தனை மி.லி., எத்தனை தடவை? இந்த மூன்றுக்கும் போனிலேயே பதில் வர வேண்டும். "அதெல்லாம் வந்ததும் சொல்றோம் சார்" என்றால் போகாதீர்கள்.

ஆய்வு நியாயமானதா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு பேருக்கு வைக்கும் குழு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி அதில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஆள், நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

பணம் தருவார்களா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை. போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி இழப்பு, சாப்பாடு இவற்றைக் கொடுக்கலாம். ரத்தத்துக்கு விலை மட்டும் கிடையாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ஒட்டி, காசுக்கு ரத்தம் விற்கும் தொழில் 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. "ஒரு டியூபுக்கு இவ்வளவு" என்று யாராவது ரேட் பேசினால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

லேப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. அவசரத்துக்கு ஓர் ஆரோக்கியமான ஆள் வேண்டுமென்றால் பக்கத்து மேசையில் இருப்பவனைத்தான் பிடிப்பார்கள். கைடு கேட்டால் மாணவன் எப்படி மாட்டேன் என்பான்? நானே அப்படிக் கையை நீட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது சரியில்லை. கேட்கிறவரின் கையில் உங்கள் சம்பளமோ மார்க்கோ இருந்தால், "எனக்கு ஊசி என்றால் மயக்கம் வரும்" என்று சொல்லி நழுவுவதில் தப்பே இல்லை.

2. யாரை எடுப்பார்கள், யாரைத் திருப்பி அனுப்புவார்கள்

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும், கர்ப்பமாக இருக்கக் கூடாது, ரத்தசோகை கூடாது. அண்மையில் காய்ச்சல், சளி, பல் பிடுங்கியது, தடுப்பூசி எதுவும் இருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். செல்களுக்கு அந்தப் பரபரப்பு சில வாரம் ஓயாது. பெண்களிடம் மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டால் சங்கடப்படாதீர்கள். ஹார்மோன் மாறினால் எதிர்ப்பு செல்களின் போக்கும் மாறும். புகைப்பழக்கத்தை மறைக்காதீர்கள், புகைப்பவருக்கு வெள்ளையணுக்களின் எண்ணிக்கையே கூடுதலாக இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் என் சொந்தத் தப்பையே சொல்கிறேன். ஒரு தடவை கடைவாய்ப் பல் வலிக்கு காலையில் ஒரு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு, போன கையோடு கை நீட்டிவிட்டேன். கேட்டபோது "ஒண்ணும் போடலை" என்று சொன்னேன். நினைவில்லை என்பதைவிட, ஒரு வலி மாத்திரையைப் போய்ச் சொல்வானேன் என்ற அலட்சியம். அடுத்த வாரம் வரைபடத்தில் என் கோடு மட்டும் தனியாகத் தரையில் படுத்துக் கிடந்தது. அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அளக்கும் சோதனை அது. அதை உண்டாக்கும் நொதியைத்தான் இபுப்ரோஃபென் தடுக்கிறது! இரண்டு நாள் வேலையும் அத்தனை ரசாயனமும் போச்சு.

அதனால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின், அலர்ஜி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், தோலுக்குத் தடவும் ஸ்டீராய்டு களிம்பு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஆஸ்பிரின் பாதிப்பது அவற்றின் ஆயுள் முழுக்க, அதாவது ஒரு வாரம் பத்து நாள் வரை. நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர், மருந்துக் கடையில் பேர் தெரியாமல் கலந்து கொடுத்த மூன்று மாத்திரை, இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கலவையில் ஸ்டீராய்டு இருந்தாலும் இருக்கும். பேர் தெரியாவிட்டால் அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் ஒன்று: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஆய்வுக்காக என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. ஒப்புதல் படிவம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். நான் பார்த்தவரையில் பத்தில் எட்டுப் பேர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி "எங்க சார் சைன் பண்ணணும்?" என்பார்கள். ஓர் இடத்தில் எனக்கே ஆங்கிலப் படிவம் மட்டும் நீட்டினார்கள். தமிழில் கேட்டதும் ஸ்டாக் இல்லை என்றார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் படிவம் கொடுப்பது அவர்கள் கடமை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் முழுவதையும் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எதைப் பார்க்க வேண்டும்? முதலில் மிச்ச ரத்தம். ஆய்வு முடிந்ததும் அழிப்பார்களா, வேறு ஆய்வுக்குச் சேமித்து வைப்பார்களா? பல படிவங்களில் இதற்குத் தனித்தனிக் கட்டம் இருக்கும்: இந்த ஆய்வுக்கு மட்டும், இதுபோன்ற ஆய்வுகளுக்கு, எந்த ஆய்வுக்கும். எல்லாவற்றிலும் டிக் அடித்தால்தான் சேர்ப்போம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், பிடித்த கட்டத்தில் மட்டும் டிக் அடிக்கலாம்.

இரண்டாவது மரபணு. "டிஎன்ஏ" அல்லது "மரபணுப் பகுப்பாய்வு" என்ற சொல் வந்தால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். செல்லின் வேலையைப் பார்க்கும் ஆய்வுக்கு எப்போதும் அது தேவைப்படாது. உங்கள் டிஎன்ஏ உங்களோடு நிற்பதும் இல்லை. அண்ணன், தங்கை, பிள்ளை எல்லோரைப் பற்றியும் பேசும். கொடுக்காதே என்று சொல்லவில்லை, நானே கொடுத்திருக்கிறேன். தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

மூன்றாவது, மாதிரி வெளிநாடு போகுமா? போகும் என்றால் எந்த நாடு, எந்த நிறுவனம்?

அப்புறம் ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ் சோதனை. ஆரோக்கியமானவர் என்று உறுதிசெய்ய இதைச் செய்வார்கள். ஹெச்ஐவி சோதனைக்கு முன் உங்கள் ஒப்புதலும் ஆலோசனையும் வேண்டும், முடிவு ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017-ல் வந்த சட்டமே சொல்கிறது. முடிவை எப்படி, யார் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்குங்கள். கொடுக்க மறப்பார்கள், கேட்டே வாங்குங்கள். அதில் ஆய்வாளரின் எண்ணும் நெறிமுறைக் குழுச் செயலாளரின் எண்ணும் இருக்க வேண்டும்.

4. முந்தின நாளும் காலையும்

காலை எட்டரைக்கு வாருங்கள் என்றால் எட்டரைக்குப் போங்கள், மத்தியானம் போகாதீர்கள். இது வெறும் ஆபீஸ் ஒழுங்கு இல்லை. விடியற்காலையில் உடம்பில் கார்ட்டிசால் ஹார்மோன் ஏறும். அது ஏறினால் ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் குறையும், ராத்திரி மறுபடி கூடும். ஒருவரிடம் காலையிலும் இன்னொருவரிடம் சாயங்காலமும் எடுத்தால் நோயினால் வந்த வித்தியாசமா, கடிகாரத்தால் வந்ததா என்று தெரியாது. ரத்தத்துக்கு நேரம் உண்டு என்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. யானைக்கால் நோய்க்குச் சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வந்து கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்களே, ஏன்? அந்த நுண்புழுக்கள் ராத்திரியில்தான் வெளி ரத்த ஓட்டத்துக்கு வரும்.

ஓட்டம், ஜிம், பேட்மின்டன் எதுவும் அன்று காலை வேண்டாம். உடற்பயிற்சியின்போது லிம்போசைட்டுகள் ரத்தத்தில் குபுக்கென்று ஏறி, முடிந்த கொஞ்ச நேரத்தில் இயல்பைவிடக் கீழே இறங்கும். லிஃப்ட் இல்லாமல் மூன்று மாடி ஏறி வந்தவரை நாங்கள் கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் எடுப்போம். முந்தின ராத்திரி ஒழுங்காகத் தூங்குங்கள், மது வேண்டாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். எப்படியானாலும் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குடித்து வந்தவருக்கு நரம்பு தெரியும், குடிக்காமல் வந்தவருக்குத் தேட வேண்டியிருக்கும்.

5. நாற்காலியில்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஐந்து நிமிட வேலை. முன்பு எப்போதாவது மயங்கியிருந்தால் உட்காருவதற்கு முன்பே சொல்லுங்கள், படுக்கவைத்து எடுப்பார்கள். டியூப்பில் ஒட்டியிருக்கும் எண் உங்கள் படிவத்தில் உள்ள எண்தானா என்று ஒரு பார்வை பாருங்கள். முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறக்க வேண்டாம், மெதுவாக மூடினால் போதும்.

மூடியின் நிறத்தைப் பார்த்தாலே என்ன செய்யப் போகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஊதா மூடியில் ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ, அணுக்களை எண்ண. சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, ரத்தத்தை உறையவிட்டு, சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரிக்க. பச்சை மூடியில் ஹெப்பாரின், அதுவும் உறையவிடாத பொருள்தான். செல்களை உயிரோடு வைத்து வேலை வாங்கும் ஆய்வு என்றால் பெரும்பாலும் இந்தப் பச்சைதான் வரிசையாக இருக்கும்.

எவ்வளவு எடுப்பார்கள்? சாதாரணமாக 20 முதல் 50 மி.லி. சாம்பார்க் கரண்டிக்குள் அடங்கும். 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் நான்கு லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நியூட்ரோஃபில்களை மட்டும் எலும்பு மஜ்ஜை தினமும் 10,000 கோடி என்ற கணக்கில் தயாரித்துத் தள்ளுகிறது. டியூப்பில் போனதை உடம்பு கவனிக்கக்கூட இல்லை. சில ஆய்வுகளில் மட்டும் மெஷினில் இணைத்து வெள்ளையணுக்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றுவார்கள். அது இரண்டு மூன்று மணி நேரச் சமாசாரம், அதற்குத் தனிப் படிவம், தனி யோசனை.

கண் இருட்டிக்கொண்டு வந்தால், காது அடைத்தால், வியர்த்தால் உடனே சொல்லுங்கள். கெத்து காட்டி உட்கார்ந்திருக்கும் வாலிபர்கள்தான் பெரும்பாலும் சரிந்து விழுவார்கள். படுத்து, காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

6. நீங்கள் பிஸ்கட் சாப்பிடும்போது லேப்பில்

உங்கள் ரத்தம் கிளம்பிவிட்டது. உயிர்ச் செல்கள் வேண்டுமென்றால் ஐஸில் வைக்க மாட்டோம், அறை வெப்பத்தில்தான். குளிர்ந்தாலோ நேரம் கடந்தாலோ செல்கள் பிரிய வேண்டிய இடத்தில் பிரியாது. கத்திரி வெயிலில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அந்தத் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது. அறை வெப்பம் என்றால் 20 முதல் 25 டிகிரி. சென்னை வெப்பம் அந்தக் கணக்கில் வராது.

அப்புறம் ஒரு சின்ன வித்தை. ஃபிக்கால் என்றொரு கரைசல், அடர்த்தி 1.077. கூம்பு டியூப்பின் அடியில் அதை ஊற்றி, அதன் மேல் உப்புநீரில் கலந்த ரத்தத்தை டியூப்பின் சுவரோடு சொட்டுச் சொட்டாக, கலங்காமல் இறக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. சென்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம் சுற்றவிடுவோம், நிற்கும்போது பிரேக் போடாமல். மூடியைத் திறந்தால் மேலே வைக்கோல் நிறப் பிளாஸ்மா, அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுவும் நியூட்ரோஃபில்லும், நடுவில் பால் ஆடைபோல ஒரு மெல்லிய வெள்ளை வளையம். லிம்போசைட்டும், மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும் அந்த வளையத்தில்தான். 1968-ல் நார்வேயில் ஆர்னே போயூம் இந்த முறையை வெளியிட்டார். இன்றும் லேப்புகளில் அதேதான். ஒரு மி.லி. ரத்தத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் செல் தேறும்.

அந்தச் செல்களைப் பாக்டீரியாவின் மேலோட்டிலிருந்து எடுத்த பொருளோடு 37 டிகிரியில் வைத்தால், கிருமி வந்துவிட்டது என்று நினைத்து டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 எல்லாவற்றையும் கக்கும். எவ்வளவு கக்கியது என்று அளப்பதுதான் ஆய்வு. மிச்சச் செல்களை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிரவைத்து, அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மாற்றுவார்கள். அங்கே வருடக்கணக்கில் இருக்கலாம். நியூட்ரோஃபில் மட்டும் இந்த உறைய வைப்புக்கெல்லாம் மசியாது, அன்றே வேலையை முடிக்க வேண்டும். "ரத்தம் வந்ததும் போன் பண்ணு" என்று யாராவது லேப்பில் கத்திக்கொண்டிருந்தால் அவர் நியூட்ரோஃபில்காரர்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

பஞ்சை ஐந்து நிமிடம் கை மடக்காமல், நீட்டியபடி அழுத்திப் பிடியுங்கள். மடக்கினால்தான் கன்றிப்போகும். கன்றினால் முதல் நாள் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். ஊதா, பச்சை, மஞ்சள் என்று மாறி ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். வீங்கிச் சூடானாலோ, கை மரத்துப்போனாலோ படிவத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள். ஆய்வினால் வந்த பாதிப்புக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

ரிசல்ட் வரும் என்று காத்திருக்காதீர்கள். இது இலவச மாஸ்டர் செக்கப் இல்லை. உங்கள் செல் எவ்வளவு டிஎன்எஃப் கக்கியது என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. சர்க்கரை, ஹீமோகுளோபின் மாதிரி சாதாரணச் சோதனை முடிவை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி கொடுக்கலாமா? எத்தனை நாள் கழித்து என்பது படிவத்தில் இருக்கும். அமெரிக்க விதிகளில் 50 கிலோ எடையாவது உள்ள ஆரோக்கியமானவருக்கு 8 வாரத்தில் 550 மி.லி., வாரத்துக்கு இரண்டு தடவை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குமேல் போனால் நெறிமுறைக் குழு முழுவதும் கூடிப் பரிசீலிக்க வேண்டும். நீங்கள் ரத்த வங்கிக்கும் தவறாமல் கொடுப்பவர் என்றால் இரண்டு இடத்திலும் தேதியைச் சொல்லுங்கள்.

பிறகு மனம் மாறினால் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதே ஆஸ்பத்திரியில் உங்கள் சிகிச்சை பாதிக்கவும் கூடாது. தொட்டியில் உறைந்திருக்கும் செல்லை எடுத்து அழித்துவிடலாம். ஏற்கெனவே கணக்கில் கலந்துவிட்ட எண்ணைத் திரும்ப எடுப்பது நடக்காது. போன் செய்யும்போது உங்கள் பெயரை வைத்துத் தேட மாட்டார்கள், டியூப்பில் ஒட்டிய எண்ணைத்தான் கேட்பார்கள். அன்றைக்கே அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, படிவ நகலோடு பின் அடித்து, ரேஷன் கார்டு இருக்கும் அந்தப் பையிலேயே போட்டு வையுங்கள்.